ராயபுரத்துத் தரையும் அத்தானின் மீசையும்

யாழ்ப்பாணத்தில் என்னை ‘மண்ணாங்கட்டி மாஸ்டர்’ என்றுதான் சொல்வார்கள். விவசாயப் பாடசாலை ஒன்றின் மண் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. தோட்டக்காரர்கள் பையிலும் ஓலைக் கடகத்திலும் கொண்டுவந்து தரும் மண்ணைக் காயவைத்து, இடித்து, அரித்து, தண்ணீரில் கரைத்து, இதில் மணல் எவ்வளவு, வண்டல் எவ்வளவு, களி எவ்வளவு என்று சொல்லி அனுப்புவேன். இதற்கும் ஒரு சம்பளமா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. மண்ணின் மேல் நின்றுகொண்டே மண்ணைப் பழிக்கிறவர்களோடு என்ன கதை?

அப்படிப்பட்ட என்னை அம்மா ஒரு மூட்டைக் கருவாட்டோடு மதறாஸுக்கு அனுப்பி வைத்தாள். என் அக்கா றோசலின் ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாதா கோவில் திருநாளுக்கு வா, வா என்று வருஷா வருஷம் அழைத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் காசிமேட்டுக் கரையில் மீன் குவிந்து கிடக்கும் என்பது அம்மாவுக்குத் தெரியாமலில்லை. “அது வேறை மீன், இது எங்கடை மீன்” என்று சொல்லிவிட்டாள். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவனாவது காசுக்காகப் போனான். நான் சும்மா சுமந்துகொண்டு போனேன்.

கடலைத் தாண்டிய கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். சுங்கத்தில் ஒரு அதிகாரி என் மூட்டையை அவிழ்க்கச் சொல்லி, குனிந்து பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, என் பெட்டியைத் திறக்காமலே போகச் சொல்லி விட்டார். அந்த வகையில் கருவாடு எனக்கு உபகாரம் செய்தது.

ராயபுரத்துக்குச் சைக்கிள் ரிக்ஷா பிடித்தேன். மிதித்துக்கொண்டு போனவர் பாதி வழியில் நிறுத்தி, இறங்கி, மூட்டையை மோந்து பார்த்தார்.

“இன்னா சார் இது, கருவாடா?”

“ஓம்.”

“காசிமேட்டுக்காப் போறே?”

“ஓம், அதுக்குக் கிட்டத்தான்.”

“மெட்ராஸே அங்க போயி மீனு வாங்கினு வருது. நீ அங்க மீனை இட்டுனு போறே. நல்லா இரு நைனா” என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறி மிதித்தார். கூலி மட்டும் குறைக்கவில்லை.

அத்தான் வாசலிலேயே நின்றார். அக்காவின் கணவர் லாசர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஆளைச் சொல்வதற்கு முன் மீசையைச் சொல்லவேண்டும், ஏனென்றால் மீசைதான் முதலில் வாசலுக்கு வரும், ஆள் பிறகுதான். இரண்டு பக்கமும் கன்னத்தைத் தாண்டி மேலே வளைந்து, நுனியில் எண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்தது. தெருவில் அவரை லாசர் என்று யாரும் கேட்பதில்லையாம். ‘மீசைக்காரர் வூடு’ என்றால் சின்னக் குழந்தையும் கை காட்டுமாம்.

“வா மச்சான், வா! ஊர்ல அல்லாரும் சௌக்கியமா கீறாங்களா? குந்து, குந்து. மொதல்ல ஒண்ணு சொல்லு. தரைய மாத்த முடியுமா?”

நான் இன்னும் செருப்பைக் கழற்றவில்லை. தேத்தண்ணீர் வரவில்லை. அக்கா உள்ளேயிருந்து வந்து, “இஞ்சேருங்கோ, அவன் முகமாவது கழுவட்டும்” என்றாள். ஆனால் அத்தானுக்குப் பொறுமையில்லை. கதை முழுவதையும் அங்கேயே கொட்டினார்.

திருநாள் முடிந்த மறுநாள் கடற்கரையில் சடுகுடுப் போட்டி நடப்பது வழக்கம். ஒரு பக்கம் துறைமுகத் தொழிலாளிகளான இந்தத் தெருக்காரர்கள், தலைவர் அத்தான். மறுபக்கம் எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய காத்திவாக்கத்து மீனவர்கள், தலைவர் எல்லப்பன். போன திருநாளிலும் தோல்வி, அதற்கு முந்திய திருநாளிலும் தோல்வி. போன முறை எல்லப்பன் ஏதோ பகிடி விட்டுக் கேலி செய்ய, அத்தான் மாதா கோவில் பக்கம் கையை நீட்டிக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார்: “அடுத்த தபா தோத்தா இந்த மீசைய எடுத்துடறேன்!”

இப்போது அந்த அடுத்த தபா வந்துவிட்டது.

“ஏன் அத்தான் தோக்கிறியள்?” என்று கேட்டேன்.

“தரை மச்சான், தரை! எங்க ஆளுங்க மூட்டை தூக்கித் தூக்கி மலையாட்டம் கீறானுங்க. மணல்ல கால வெச்சா முட்டி வரைக்கும் உள்ள பூடுது. அவனுங்க நெத்திலியாட்டம் கீறானுங்க. மேலாலயே ஓடிக்கினு தொட்டுட்டுப் பூடறானுங்க.”

அக்கா தேத்தண்ணீரை என் கையில் தந்துகொண்டே சொன்னாள்: “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்.”

அத்தான் கேட்காதவர்போல் மீசையை முறுக்கினார். தேத்தண்ணீர் என்று தந்தது கோப்பி. அந்த ஊரில் கடைசிவரைக்கும் எனக்கு ஒரு நல்ல தேத்தண்ணீர் கிடைக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் இட்டலியும் வடகறியும். இட்டலியை நாங்கள் ஊரில் காய்ச்சல்காரருக்குக் கொடுப்போம். இங்கே கிரேன் ஓட்டுகிறவர் ஒரு தட்டு நிறைய அடுக்கி, அதன் மேல் வடகறியை வார்த்து, தட்டையே வழித்துவிட்டு எழும்புகிறார். வடகறி என்பது மிஞ்சிய வடைக்கு மறுபிறவி. நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். எங்கள் பிட்டைப் பற்றி அக்காவிடம் பெருமையாக ஏதோ சொல்லவேண்டும் என்று நினைத்தேன், வாய் ஒழியவில்லை.

பிறகு தரையைப் பார்க்கப் போனோம். கோவிலுக்குப் பின்னால், ரயில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். சுத்தக் கடல் மணல். ஒரு பிடி அள்ளிக் கையை விரித்தேன், விரல் சந்தால் ஓடிப் போனது. நனைத்து உருட்டிப் பார்த்தேன், உருண்டை நிற்கவில்லை. அத்தானும் அவருடைய ஆட்களும் சுற்றி நின்று, வைத்தியர் நாடி பிடிப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். எனக்கு உள்ளூர ஒரே புளகாங்கிதம். எங்கள் ஊரில் என் மண்ணை இப்படி ஒருவரும் சுற்றி நின்று பார்த்ததில்லை.

“மண் எண்டது மூண்டு பேர் சேர்ந்து நடத்திற குடித்தனம்” என்று ஆரம்பித்தேன். மணல் பெரிய பருக்கை, ஒன்றோடொன்று ஒட்டாது, தண்ணீரை வைத்திருக்காது, கால் வைத்தால் விலகி வழிவிடும். களி கண்ணுக்கே தெரியாத பொடி, ஒட்டும், தண்ணீரை விடவே விடாது, நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் கல்லாகும். வண்டல் இரண்டுக்கும் நடுவில், மாவு மாதிரி. மூன்றும் அளவாய்ச் சேர்ந்தால்தான் இருவாட்டி மண். அதில் கால் பிடிக்கும், விழுந்தாலும் முழங்கால் தேயாது. “உங்கடை தரையிலை களி இல்லை. அளவாய்க் களி சேர்த்தால் போதும்.”

“அளவுன்னா?” என்று ஒருவர் கேட்டார்.

“அதைத்தான் நான் கண்டுபிடிக்கப் போறன்” என்றேன். அவர்கள் கை தட்டினார்கள். கை தட்டு வாங்கினவன் பிறகு நிதானமாக வேலை செய்ததாகச் சரித்திரமில்லை.

களிக்கு மாதவரம் ஏரிதான் நல்லது என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அத்தான் லீவு போட்டுவிட்டு என்னை பஸ்ஸில் ஏற்றினார். பஸ்ஸில் ஒரு பக்கம் பால் பாத்திரங்கள், ஒரு பக்கம் மனிதர்கள், நடுவில் நாங்கள். மாதவரம் பால்பண்ணைப் பக்கம் எருமைகள் எங்களுக்கு வழி விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டு நடு ரோட்டில் படுத்திருந்தன. எங்கள் ஊரில் மாடு மனிதனைக் கண்டால் எழும்பும். இங்கே டிரைவர் இறங்கிப் போய் ஒவ்வொன்றாய் எழுப்பினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம்.

ஏரிக்கரையில் மண்ணை எடுத்து நனைத்துப் பிசைந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கி நாடாவாகத் தள்ளினேன். இது எங்கள் தொழிலில் பழைய முறை. களி குறைவென்றால் நாடா சட்டென்று ஒடியும். இது ஒடியவில்லை, தொங்கியது, இன்னும் தொங்கியது. விரலில் சவர்க்காரம்போல வழுவழுத்தது. அருமையான களி. அந்த மண்ணைக் கொஞ்சிவிடலாம் போலிருந்தது.

அத்தானும் ஒரு கட்டியைப் பிசைந்து நாடா தள்ளினார். அருகிலிருந்த பெண் ஒருத்தி தன் துணையிடம், “இன்னாடி, பெரிய ஆளுங்க மண்ணு வெச்சு வெளாடிக்கினு கீறாங்க” என்றாள். துணைக்காரி, “அந்த மீசையப் பாத்தா பைத்தியமாட்டம் தெரியலியே” என்று சந்தேகப்பட்டாள்.

சாக்கு நிறைய மண்ணோடு திரும்பி பஸ் ஏறினோம். கண்டக்டர் சாக்கைக் காட்டி, “இது இன்னா?” என்றார். “மண்” என்றேன். “மண்ணுக்கும் டிக்கெட் எடு” என்றார். நான் வாதாடத் தயாரானேன், அத்தான் பேசாமல் எடுத்துவிட்டார். சாக்கிலிருந்து வழிந்த ஈரம் ஒரு பால்காரரின் வேட்டியில் பட, அவர் என்னை ‘கஸ்மாலம்’ என்றார். இதற்கு என்ன பொருள் என்று அத்தானைக் கேட்டேன். “மருவாதியாத்தான் சொல்றாரு” என்றார்.

கை சொன்னதைப் போத்தலும் சொல்லவேண்டும், அதுதான் முறை. வெறும் போத்தல்களைத் தேடிப் பிடித்து, மண் போட்டு, அக்காவின் குடத்துக் குழாய்த் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அடுப்படிக் குசினி ஜன்னலில் வரிசையாக வைத்தேன். மணல் உடனே கீழே இறங்கிவிடும். வண்டல் அதன் மேல் மெல்லப் படியும். களி மட்டும் இறங்க மனமில்லாமல் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே நிற்கும், படிய ஒரு நாளுக்கு மேல் ஆனாலும் ஆகும். படிந்த அடுக்குகளை அளந்தால் மண்ணின் ஜாதகம் தெரிந்துவிடும். ஒருவரும் தொடக்கூடாது என்று வீடு முழுக்கச் சொல்லி வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் போலீஸ் ஏட்டு ஒருவர் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார். அது மதுவிலக்குக் காலம். தெருவைப் பார்த்த ஜன்னலில் மங்கல் நிறத் தண்ணீரோடு போத்தல்கள் வரிசையாக நின்றால் சட்டம் சும்மா இருக்குமா?

“யோவ், இன்னாய்யா இது, ஊறலா?”

“இல்லை ஐயா, மண்.”

“மண்ணு? பாட்டில்ல?”

“ஓம். படியவிட்டிருக்கிறன்.”

“டபாய்க்கிறியா?” என்று கேட்டுக்கொண்டே அவர் ஜன்னல் வழியே கையை விட்டு ஒரு போத்தலை எடுத்தார். “குலுக்காதையுங்கோ!” என்று நான் கத்தினேன். நான் கத்தியதால் அவருக்குச் சந்தேகம் வலுத்துவிட்டது. நன்றாகக் குலுக்கி, மூடியைக் கழற்றி முகர்ந்தார். பிறகு உள்ளங்கையில் ஊற்றி நாக்கால் தொட்டுப் பார்த்தார். துப்பினார். அடுத்த போத்தலையும் குலுக்கி, ஊற்றிப் பார்த்தார். ஒன்றையும் விடவில்லை, கடமை தவறாதவர்.

“மண்ணுதான்” என்று கடைசியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு, “சிலோன்ல இதத்தான் குடிக்கிறீங்களா?” என்று உண்மையான இரக்கத்தோடு விசாரித்துவிட்டுப் போனார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் யாழ்ப்பாணத் தமிழில் எதையெல்லாமோ சொன்னேன், நல்ல காலம், அது அவருக்குப் புரியவில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அக்காவிடம் தண்ணீர் கேட்டேன்.

“குழாயிலை தண்ணி வாறது காலமை ஒருக்கா. குடத்தோடை நிண்டு சண்டை பிடிச்சு எடுக்கிறன். குடிக்கிற தண்ணியை உன்ரை மண்ணுக்கு ஊத்தவோ? கிணத்திலை அள்ளு.”

இவள் எப்படிச் சண்டை பிடிப்பாள் என்று முதல்நாள் காலையில்தான் பார்த்திருந்தேன். என்னோடு யாழ்ப்பாணத் தமிழில் கதைக்கிற அதே அக்கா, குழாயடியில் ஒருத்தியைப் பார்த்து, “தா, அப்பால போ, நா அப்பத்துலேந்து நின்னுகினு கீறேன், தெர்ல?” என்றாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதனால் மறு பேச்சுப் பேசாமல் வளவுக் கிணற்றில் அள்ளினேன். அது துணி துவைக்கிற கிணறு, வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். மண்ணுக்கு நாக்கா இருக்கிறது என்று நினைத்து ஊற்றிக் குலுக்கி வைத்தேன்.

அதிசயம். அக்கா சோறு வடிப்பதற்குள் தண்ணீர் தெளிந்துவிட்டது. களி என்றால் இப்படித் தெளியாது. ஆகவே இதில் களி கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வண்டல் என்று முடிவு கட்டினேன். கை ஒன்று சொன்னது, போத்தல் வேறொன்று சொன்னது. படித்தவன் போத்தலைத்தான் நம்புவான். கை மதிப்பில் கேட்டிருக்கக்கூடியதைப்போல மூன்று மடங்கு மண் வேண்டுமென்று அத்தானிடம் சொன்னேன்.

“அவ்ளோவா?” என்றார்.

“விஞ்ஞானம் அத்தான்” என்றேன். மீசை மரியாதையோடு ஆடியது.

மாட்டு வண்டிகள் மாதவரம் போயின. அவை திரும்பி வரும் வழியில் கொருக்குப்பேட்டை ரயில் கேட்டில் மாட்டிக்கொண்டன. சரக்கு வண்டி ஒன்று முன்னே போனது, யோசித்தது, பின்னே வந்தது, மறுபடி முன்னே போனது. கேட் திறந்தபாடில்லை. வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டுச் சமையலே தொடங்கிவிட்டார்கள். சும்மா இருந்து என்ன செய்வது என்று அத்தான் என்னை எண்ணூர் ரயிலில் ஏற்றிக் காத்திவாக்கத்துக்குக் கூட்டிப் போனார். எதிரியின் ஊரைப் பார்க்க வேண்டாமா என்றார். உண்மையில் அவருக்கு இறால் ஆசை.

கழிமுகத்தில் தண்ணீர் வற்றி, சேறு மினுங்கிக்கொண்டு கிடந்தது. அதற்கு அப்பால் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஆட்கள் காலால் துழாவிக் கையால் இறால் பிடித்தார்கள். பிடித்ததைக் கழுத்தில் தொங்கிய ஓலைப் பறிக்குள் போட்டார்கள். நான் கரையிலேயே இரண்டு அடி வைத்து இரண்டு முறை விழுந்தேன். அவர்கள் அந்தச் சேற்றில் நாங்கள் சந்தைக்குப் போவதுபோல் நடந்தார்கள். நான் என்ன செய்தேன்? சேற்றை அள்ளி நாடா தள்ளிப் பார்த்தேன். “ஆகா, என்ன களி!” என்றேன். அதற்கு மேல் என் மூளை ஓடவில்லை.

எல்லப்பன் மெலிந்த மனிதர், முகம் முழுக்கச் சிரிப்பு. போட்டியில்தான் எதிரி, மற்ற நாளில் அத்தானுக்கு உயிர்த் தோஸ்து. வீட்டுக்குக் கூட்டிப் போய், இறாலும் கத்திரிக்காயும் போட்ட குழம்பை மண்சட்டியோடு எங்கள் முன்னால் வைத்தார். எங்கள் ஊர் இறாலைப் பற்றி நான் இனிமேல் வாய் திறக்கமாட்டேன், அவ்வளவுதான் சொல்லலாம். புறப்படும்போது எல்லப்பன் அத்தானின் மீசை நுனியை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இன்னும் மூணு நாளு. நல்லா எண்ண போட்டு வெச்சுக்கோ லாசரு.”

அத்தான் சிரித்தார். ரயிலில் ஏறியதும் சிரிப்பு நின்றுவிட்டது. “மச்சான், தரை சரியா வந்துடுமில்ல?” என்று திருவொற்றியூர் வருவதற்குள் எத்தனை முறை கேட்டார் என்று எனக்கு நினைவில்லை. பதினைந்து வயதில் அரும்பிய நாளிலிருந்து நுனியை ஒழுங்காக்குகிற கத்தரிக்கோலைத் தவிர வேறெதுவும் அதைத் தொட்டதில்லையாம். கலியாணத்தன்றுகூடப் பாதிரியார் ஏதோ சொல்ல, மீசையை எடுக்கமுடியாது, வேண்டுமானால் கலியாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்று சொன்னவராம்.

தரை போட்டோம். தெருவே வந்துவிட்டது. மண்வெட்டி பிடித்தவர்கள் பாதி, யோசனை சொன்னவர்கள் பாதி. மணலையும் ஏரி மண்ணையும் கலந்து, பரப்பி, கட்டி உடைத்து, எல்லாரும் வரிசையாகக் கை கோத்து மிதித்தோம். திருநாளன்று மாலைக்குள் தரை கெட்டிப்பட்டு, குதிகாலால் குத்தினாலும் பதியாமல் நின்றது. அத்தானின் ஆட்கள் ஓடிப் பார்த்தார்கள். கால் புதையவில்லை! “ஷோக்கா கீது!” என்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடல்வரை போனார்கள். மாதாவின் தேர் அதே சமயம் வந்ததால் கூட்டம் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறியது.

மறுநாள் போட்டி. அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது, அதை எனக்கு அதுவரை ஒருவரும் சொல்லவில்லை. ஆட்டம் தொடங்குமுன் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து தரையில் ஊற்ற வேண்டுமாம். ஊற்றாத வீட்டால் தோற்றது என்று ஒரு வருஷம் பேச்சு வரவே, அன்றிலிருந்து ஒரு வீடும் தவறுவதில்லையாம். கடல் மணல் என்றால் நூறு குடமும் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். குடங்கள் வரிசையாக வந்தன.

“மச்சான், ஊத்தலாமா?” என்று அத்தான் கேட்டார்.

போத்தல் என் மனக்கண்ணில் தெளிந்து நின்றது. “தாராளமாய் ஊத்துங்கோ. இதிலை களி கொஞ்சம்தானே.”

ஊற்றினார்கள். அக்காவும் ஊற்றினாள். தண்ணீர் போகவில்லை. தரைமேல் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்துச் சிரித்தது.

காத்திவாக்கத்து ஆட்கள் வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். எல்லப்பன் காலை வைத்தார், பெருவிரலை அழுத்தித் திருகிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததைப்போல் ஒரு முகம் மலர்ந்து நான் கண்டதில்லை. பின்னால் திரும்பித் தன் ஆட்களிடம் சொன்னார்: “டேய், நம்ம கழிமுகம் மாதிரியே கீதுடா!”

ஆட்டத்தை விவரிக்க எனக்கு மனமில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து முதல் ஆள், மூன்று மூட்டையை ஒன்றாகத் தூக்குகிறவர், ‘சடுகுடு சடுகுடு’ என்று பாடிக்கொண்டு ஓடினார். பாட்டு நிற்குமுன் கால் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் தொடர்ந்து போய், எதிரிக் கூட்டத்தைத் தாண்டி, பார்த்துக்கொண்டிருந்த மீன்காரப் பெண்களின் மடியில் விழுந்தது. இரண்டாவது ஆள் மல்லாந்து, வந்த வழியே திரும்பி வந்தார், தொடாமலே. மூன்றாமவர் எழுந்து நிற்கும் முயற்சியிலேயே பாடுகிற மூச்சை விட்டுவிட்டார். அத்தானும் போனார். மீசை முன்னால் போனது, அத்தான் அதன் பின்னால் வயிற்றில் சறுக்கிக்கொண்டு போனார். காத்திவாக்கத்தார் கால்விரலைக் களியில் பதித்து, இறாலைத் தேடுகிற நிதானத்தோடு நடந்து வந்து ஒவ்வொருவராகத் தொட்டுவிட்டுத் திரும்பினார்கள். கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. எங்கள் தெருவே சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர், நானும் அத்தானும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உப்புத் தண்ணீர்! உப்புப் பட்டால் களி தனித்தனியாக மிதக்காது, கூட்டம் கூடிக் கட்டியாகிச் சட்டென்று கீழே இறங்கிவிடும், தண்ணீர் தெளிந்துவிடும். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் முதல் வாரமே படிப்பிக்கும் பாடம் இது. நானே எத்தனை பேருக்குப் படிப்பித்திருக்கிறேன்! அந்த மண்ணில் களிதான் முக்கால்வாசி. நான் போட்டது சடுகுடுத் தரையல்ல, காத்திவாக்கத்தாருக்கு இன்னொரு காத்திவாக்கம். ஏட்டு மட்டும் அந்தப் போத்தல்களைக் குலுக்காமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. இதை நான் இன்றைக்கும் சொல்வேன்.

ஆட்டம் முடிந்தது. ஆரவாரம் மெல்ல அடங்கியது. சேறு வழிய வழிய அத்தான் ஒரு கவிழ்த்த கூடையில் உட்கார்ந்து, “நாவிதரைக் கூப்புடு” என்றார்.

எல்லப்பன் சிரிப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார். “வுடு லாசரு. தமாஷுக்குப் பேசினது. உன் மீசைய வெச்சுக்கினு நா இன்னா பண்ணப் போறேன்?”

“சொன்னா சொன்னதுதாம்பா. மாதா கோயிலப் பாத்து சொன்னேன்.”

என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கி முன்னால் போய், “பிழை என்ரை. என்ரை மீசையை எடுங்கோ” என்றேன். எல்லாரும் என் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். ஒரு மீன்காரப் பெண் கிட்டவே வந்து பார்த்துவிட்டு, “இதுல எடுக்கறதுக்கு இன்னா கீது?” என்றாள். மறுபடி சிரிப்பு. அத்தானும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடேயே கத்தி இறங்கியது. ஒரு பக்கம் விழுந்தது, மறுபக்கமும் விழுந்தது. எனக்குக் கண் கலங்கியது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மீசை போன முகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. உருண்டையாய், சின்னப் பையன் மாதிரி ஒரு முகம், மேலுதட்டில் மட்டும் வெயில் படாத வெள்ளை. வீட்டுக்குப் போகும் வழியில் துவாயால் மூடிக்கொண்டார். போட்டிக்கு வராதவர்கள் தெருவில் அவரை அடையாளம் காணவில்லை. ‘மீசைக்காரர் வூடு எது?’ என்று அவரிடமே கேட்டிருப்பார்கள் போல.

இரவு நான் என் பெட்டியைக் கட்டி வாசலருகே வைத்துவிட்டேன். இனி இந்த வீட்டில் எனக்கு என்ன முகம்? அம்மாவின் கருவாட்டைத்தான் அக்கா அன்று குழம்பு வைத்திருந்தாள். அத்தான் துவாயை விடாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார். துவாயைக் கொஞ்சம் தூக்குவார், கவளத்தை உள்ளே விடுவார், மறுபடி மூடுவார்.

அக்கா குழம்புச் சட்டியோடு வந்தாள். பிறகு சட்டியைக் கீழே வைத்துவிட்டு, துவாயை மெல்ல உருவி எடுத்தாள். அவர் முகத்தைத் திருப்பப் பார்த்தார், விடவில்லை. தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள்.

“இத்தனை வருஷமாய் இந்த முகத்தையோ ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?” என்றாள். அத்தானுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

பிறகு அவர் தாடையை விடாமலே என் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, பெட்டியை உள்ளுக்கை கொண்டு போய் வை. வாற திருநாளுக்கும் நீ வரவேணும். தரையை நீதான் போடவேணும். இவையளைத் தங்கடை பாட்டிலை விட்டால் தற்செயலாய் ஜெயிச்சு மீசையைக் காப்பாத்திப் போடுவினம்.”